மார்க் வாங்குகிற பிள்ளைக்கும் உதவி வேண்டும்

சேத்தியாத்தோப்பு, புவனகிரி, ஸ்ரீமுஷ்ணம் வட்டாரப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு தாயின் திறந்த மடல்



"நல்லாத்தானம்மா படிக்குது உங்க பொண்ணு, இதுக்கு மேல என்ன செய்யணும்?" பள்ளிக்கூட வராண்டாவில் நின்று தன் பிள்ளையின் பயத்தைப் பற்றி ஒரு தாய் சொல்ல வரும்போது பெரும்பாலும் கிடைக்கிற பதில் இது. சொல்கிறவர் மனத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மார்க் வந்துவிட்டால் பிள்ளை நன்றாக இருக்கிறது என்பது நம் ஊரில் எல்லோரும் ஒத்துக்கொண்ட கணக்கு. அந்தக் கணக்கு தவறு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பின்னக் கணக்கை மனத்துக்குள்ளேயே போட்டு விடையைச் சொல்லிவிடுவாள். கரும்பு டன் என்ன விலை, ஆலையில் எவ்வளவு பிடித்தம், கைக்கு எவ்வளவு வரும் என்று அவள் அப்பா காகிதத்தைத் தேடுவதற்குள் அவளிடம் விடை இருக்கும். அதையே நோட்டில் எழுதச் சொன்னால் நாலு வரிக்குள் விரல்கள் இறுகிவிடும். எழுத்து கோட்டுக்கு மேலும் கீழும் போகும், பாதிச் சொல்லில் நிற்கும். எழுதுவதில் வரும் இந்தச் சிக்கலை டிஸ்கிராபியா என்கிறார்கள். குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்ற வகைக்குள் வருவது. இதோடு பதற்றமும் சேர்ந்திருக்கிறது. திடீரென்று பெயர் சொல்லி எழுப்பினால் குரல் வராது. ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்தால் வயிற்றுவலி தொடங்கிவிடும்.

இதற்கு எங்களுக்குக் கிடைத்த யோசனைகள் பல. மந்திரித்துவிடச் சொன்னார்கள். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்றார்கள். வயதுக்கு வருகிற நேரம், அப்படித்தான் இருக்கும் என்றார்கள். பெண் பிள்ளை வாய் பேசாமல் இருந்தால் நம் பக்கத்தில் அதற்குப் பாராட்டுதான் கிடைக்கிறது. சத்தம் போடுகிற, பெஞ்சைத் தட்டுகிற பையனை எல்லோரும் கவனிக்கிறோம். மூன்றாவது வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு 'நல்ல பிள்ளை' என்று பெயர் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம்.

அந்த நல்ல பிள்ளை என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று சொல்கிறேன். அடுத்து யாரை எழுப்புவார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறாள். கரும்பலகையில் இருப்பதை எழுதி முடிப்பதற்குள் அழித்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருக்கிறாள். பாடத்தையும் கேட்டுப் புரிந்துகொள்கிறாள். அவளுக்கு அந்தச் சக்தி இருக்கிறது. இத்தனையையும் சேர்த்துச் சமாளித்து மார்க்கும் வாங்கிவிடுகிறாள். வீட்டுக்கு வந்து பையை இறக்கியதும் அழுகையும் ஆத்திரமும் வருவது அதனால்தான். பள்ளிக்கூடம் பார்ப்பது மார்க்கை. அதற்கு அவள் கொடுத்த விலை வீட்டில்தான் தெரிகிறது.

நம் வீராணம் ஏரியில் நீர்மட்டம் 47.5 அடியை நெருங்கும்போதே உபரி நீரை வெளியேற்றத் தொடங்கிவிடுகிறார்கள். கரை உடைந்த பிறகு மதகைத் திறக்கலாம் என்று எந்தப் பொறியாளரும் உட்கார்ந்திருப்பதில்லை. கெட்டிக்காரப் பிள்ளை விஷயத்தில் மட்டும் காத்திருக்கிறோம். மார்க் இறங்கட்டும், பள்ளிக்கு வருவது நிற்கட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறோம்.

அந்த வயிற்றுவலியைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். "நடிக்கிறா" என்று சொல்லப்படுவது அதைத்தான். பயம் வந்தால் உடம்பு ஓடவோ எதிர்க்கவோ தயாராகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்தம் வயிற்றை விட்டுக் கைகால்களுக்குப் போகிறது. குடல் இறுகுகிறது, குமட்டல் வருகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் தெரியாது. ஆனாலும் வலி மெய்யான வலி. இன்னொன்றும் நடக்கிறது. உடனடி வேலைக்காக மனத்தில் எடுத்து வைத்துக்கொள்கிற நினைவு அந்த நேரத்தில் சுருங்கிப்போகிறது. முந்தின இரவு தடங்கலில்லாமல் ஒப்பித்தது காலையில் உங்கள் முன்னால் வராமல் போவதற்குக் காரணம் இதுதான். அப்போது "படிக்காம வந்திருக்கே" என்று சொல்லிவிட்டால், அடுத்த முறை பயப்பட அவளுக்குக் கூடுதலாக ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

சரி, அப்படியானால் எதையும் கேட்காமல் விட்டுவிடலாமா என்று நீங்கள் கேட்கலாம். கூடாது. இதையும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இரக்கப்பட்டு விட்டுவிடுவதிலும் கெடுதல் இருக்கிறது. பயந்த பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொண்டால் அன்றைக்கு வலி போய்விடும். அந்த நிம்மதியே மறுநாளைய பயத்தைப் பெரிதாக்கும். ஒரு நாள் இரண்டு நாளாகும், இரண்டு நாள் ஒரு வாரமாகும். பதற்றத்துக்குச் சிகிச்சை தருபவர்கள் பலரும் சொல்வது இதுதான்: பயப்படுகிற விஷயத்தைச் சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து, பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாகப் பழக்க வேண்டும். முழுப் பயத்தையும் ஒரே நாளில் தலைமேல் போடுவதும், முழுக்க விலக்கு அளிப்பதும் இரண்டுமே பிள்ளையை அதே இடத்தில் நிறுத்திவைக்கும்.

கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளாறு ஏறினாலும் புயல் சின்னம் உருவானாலும் ஆட்சியர் விடுமுறை அறிவிக்கிறார். அறிவிக்கத்தான் வேண்டும், தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த மாவட்டம் இது. மற்றப் பிள்ளைகளுக்கு அது சந்தோஷம். ஜூன் மாதத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பழகி வந்த பதற்றமுள்ள பிள்ளைக்கு, மழை விட்டுப் பள்ளி திறக்கும் நாள் மறுபடியும் முதல் நாள்.

சென்ற ஆண்டு கார்த்திகையில் எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. மழை விடுமுறை முடிந்தும் அவளால் பள்ளிக்குள் கால் வைக்க முடியவில்லை. அப்போதைய வகுப்பாசிரியை ஒரு வழி செய்தார். காலைக் கூட்டம் முடிந்து எல்லோரும் வகுப்புக்குப் போன பிறகு அழைத்து வரச் சொன்னார். நூலக அறையில் ஒரு பாடவேளை உட்காரவைத்தார். பிறகு கணக்கு வகுப்புக்கு மட்டும் வரவைத்தார், கதவோரப் பெஞ்சில், வேண்டுமானால் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்ற அனுமதியோடு. "நாளைக்கு மூணாவது கணக்கு உன்னைத்தான் கேப்பேன்" என்று முதல் நாளே சொல்லிவிடுவார். மறுநாள் அதை மட்டும்தான் கேட்பார். எழுத்துத் தேர்வில் பாதியில் நின்றுபோன விடைகளை மதிய இடைவேளையில் வாயால் சொல்லச் சொல்லி, தெரிந்திருக்கிறது என்பதைத் தனியாகக் குறித்துக்கொண்டார். பொங்கல் விடுமுறை முடிந்தபோது என் மகள் முழு நாளும் வகுப்பில் இருந்தாள். அந்த டீச்சர் செய்த எதற்கும் அரசாணை தேவைப்படவில்லை, ஒரு ரூபாய் செலவும் இல்லை.

கோடையில் நடந்த மாறுதல் கலந்தாய்வில் அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். அவர் தெரிந்துவைத்திருந்த அத்தனையும் அவரோடு போய்விட்டது. ஜூன் மாதம் புதிதாக வந்தவர் இரண்டாம் நாளே அவளை எழுப்பி உரக்க வாசிக்கச் சொன்னார். எழுத்து மோசம் என்று நோட்டைத் தூக்கி வகுப்புக்குக் காட்டினார். நூறு தடவை எழுதிவரும்படி இம்போசிஷனும் கொடுத்தார். எழுதும்போது கை வலிக்கிற பிள்ளைக்கு எழுதுவதையே தண்டனையாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அவரைக் குறை சொல்வது என் நோக்கமுமில்லை. யாரும் அவரிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்திருக்கவில்லை. நான் கடிதம் எழுதிக்கொண்டு போய்ப் பேசியபோது, "வாயால சொன்னாப் போதும்மா, லெட்டர் எதுக்கு?" என்று அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். லெட்டர் இதற்குத்தான்.

அதனால் உங்களிடம் நான் கேட்கும் முதல் காரியம் ஒரு பக்கக் குறிப்பு. பிள்ளையின் கோப்பில் ஒரே ஒரு தாள். எதைக் கண்டு பயப்படுகிறாள், எது உதவுகிறது, எதைச் செய்யவே கூடாது, தாங்க முடியாதபோது யாரிடம் போகலாம், வீட்டில் யாரைக் கூப்பிடுவது. வகுப்பாசிரியரும் பெற்றோரும் சேர்ந்து எழுதி, பிள்ளையையும் கேட்டு, தலைமையாசிரியர் கையெழுத்திட வேண்டும். ஆண்டுதோறும் ஜூன் முதல் வாரத்தில் அந்தத் தாள் புதிய ஆசிரியர் கைக்குப் போக வேண்டும். தேர்வு அறைக் கண்காணிப்பாளர்களுக்கும் தெரிய வேண்டும். பெற்றோர் எழுத்தில் கொடுத்தால் வாங்கிக்கொண்டு, நகலில் தேதி போட்டு ஒப்புகை கொடுங்கள். எங்களில் பலருக்கு அந்த ஒப்புகையைக் கேட்கவே வாய் வராது.

சட்டம் என்ன சொல்கிறது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பழைய 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள் இருந்தன, புதியதில் 21. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் உண்டு. 16-வது பிரிவின்படி, அரசு நிதி பெறுகிற அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பிள்ளைக்கு ஏற்ற மாற்றங்களைச் செய்துதர வேண்டும், கற்றல் குறைபாட்டைக் கூடிய சீக்கிரம் கண்டறிய வேண்டும். 17-வது பிரிவு தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாட விலக்கு ஆகியவற்றைச் சொல்கிறது. ஏற்ற மாற்றத்தை மறுப்பதே பாகுபாடு என்று அந்தச் சட்டம் வரையறை செய்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்திருக்கிறது. வகுப்பு முன்னால் நோட்டைத் தூக்கிக் காட்டுவது எதில் சேரும் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆனால் பெற்றோர் மாட்டிக்கொள்வது சான்றிதழில். நம் ஊரிலிருந்து பரிசோதனைக்கு அண்ணாமலை நகருக்கோ கடலூருக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போக வேண்டும். ஒரு நாளில் முடியாது. கரும்பு வெட்டுக்கோ நடவுக்கோ போகிற தாய்க்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி. பதற்றம் மட்டும் உள்ள பிள்ளைக்கு இன்னும் சிரமம்; அந்த 21-இல் பதற்றம் தனியாக இல்லை, மனநோய் என்ற தலைப்புக்குள் கடுமையானது மட்டுமே வரும். "சர்டிபிகேட் கொண்டாங்க, அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லும்போது இதையும் நினைத்துப் பாருங்கள்.

உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 11 அன்று விகாஷ் குமார் என்பவர் வழக்கில் சொன்னது இங்கே பொருந்தும். எழுதும்போது கை இறுகும் சிக்கல் உள்ள அவருக்குக் குடிமைப்பணித் தேர்வில் சொல்வதை எழுதுபவரை மறுத்தார்கள். குறைபாடு 40 சதவீதத்தை எட்டவில்லை என்பது காரணம். ஏற்ற மாற்றம் என்பது அந்த 40 சதவீதக்காரர்களுக்கு மட்டுமானது இல்லை என்று நீதிமன்றம் தீர்த்தது. அதே ஆண்டு நவம்பரில் அவ்னி பிரகாஷ் வழக்கு. டிஸ்கிராபியா உள்ள அந்த மாணவிக்கு நீட் தேர்வில் கிடைக்க வேண்டிய கூடுதல் ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை, விடைத்தாளை வாங்கிவிட்டார்கள். நடந்தது அநீதி என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் மறுதேர்வுக்கு உத்தரவிடவில்லை. தேர்வு அறையில் போன நேரத்தை அதற்குப் பிறகு யாராலும் எடுத்துத் தர முடிவதில்லை என்பதால்தான், கீழ் வகுப்பிலிருந்தே இதைச் சரிசெய்யுங்கள் என்று கெஞ்சுகிறேன். பத்தாம் வகுப்பில் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் சலுகைக்கு விண்ணப்பிக்கும்போது அவசரப்பட்டு ஓட வேண்டாமே.

சான்றிதழுக்குக் காத்திருக்கத் தேவையில்லாதவை எத்தனையோ. வருகை எடுக்கும்போது குரலுக்குப் பதில் கை உயர்த்தட்டும். மார்க்கை வகுப்பில் உரக்கப் படிக்காமல் தாளைக் கவிழ்த்துக் கொடுங்கள். கரும்பலகையில் எழுதியதைப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டிலிருந்து நகல் எடுத்துக்கொள்ள விடுங்கள். ஆண்டு விழாவில் மேடை ஏற விரும்பாத பிள்ளையை வற்புறுத்தாமல் வேறு பொறுப்பு கொடுங்கள். இருக்கை மாறப்போகிறது, வேறு ஆசிரியர் வரப்போகிறார் என்றால் முன்பே ஒரு வார்த்தை சொல்லுங்கள். இவை என் பிள்ளைக்கு மட்டும் உதவுபவை இல்லை. வீட்டில் குடிகார அப்பாவைப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளை, புதிதாகச் சேர்ந்த பிள்ளை, திக்குவாய் உள்ள பிள்ளை எல்லோரும் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள்.

நம் ஊர் வழியாகப் போகிற கும்பகோணம் சாலையின் அந்தப் பக்கம் நடந்த ஒன்றைச் சொல்ல ஆசைப்படுகிறேன். கணித மேதை ராமானுஜன் 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் போகவில்லை. ஆங்கிலக் கட்டுரையில் தோற்றார், உதவித்தொகை போயிற்று. அவர் தாய் கோமளத்தம்மாள் நேரே கல்லூரி முதல்வரைப் பார்க்கப் போனார். தன் பிள்ளைக்கு ஈடாகக் கணக்கில் யாருமில்லை, அவனுக்கு எப்படி மறுக்கலாம் என்று கேட்டார். முதல்வர் மரியாதையாகப் பேசினார், விதியை மாற்றவில்லை. அடுத்த ஆண்டு அந்தப் பையன் யாரிடமும் சொல்லாமல் ரயிலேறி விசாகப்பட்டினம் போய்விட்டான். பெற்றோர் பத்திரிகையில் காணவில்லை அறிவிப்புக் கொடுத்தார்கள். பிறகு சென்னையிலும் எஃப்.ஏ. தேர்வில் தோற்றார். 1910-இல் அவர் போய் நின்ற இடம் நம் பழைய தென் ஆற்காடு மாவட்டத்துத் திருக்கோவிலூர். அங்கே துணை ஆட்சியராக இருந்த வி. ராமசுவாமி ஐயர் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். குமாஸ்தா வேலை கேட்டு வந்த இளைஞரின் நோட்டுப் புத்தகத்தை அவர் வாங்கிப் பார்த்தார். இவரை வருவாய்த் துறையில் உட்காரவைப்பது தவறு என்று உணர்ந்து, சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

ராமானுஜனுக்கு என்ன இருந்தது என்று நான் பெயர் சூட்டவில்லை. என் மகளையும் அவரோடு ஒப்பிடவில்லை. கல்லூரி முதல்வர் பார்த்தது தேர்ச்சிப் பட்டியலை, துணை ஆட்சியர் திறந்து பார்த்தது நோட்டை. கோமளத்தம்மாளைப் போல ஒரு தாய் உங்கள் அறை வாசலில் வந்து நிற்கும்போது அந்த நோட்டைத் திறந்து பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு வகுப்பில் நாற்பது பேர், எமிஸ் பதிவு, தேர்தல் பணி, கணக்கெடுப்பு. வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளுக்குச் சுற்றி வர வேண்டியிருக்கிறது. தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 பிள்ளைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் விகிதம் சொல்லியிருக்கிறது. அந்தப் பணியிடங்களை நிரப்பக் கேட்டு நீங்கள் மனு எழுதினால் அதில் பெற்றோர் கையெழுத்தை நாங்கள் வாங்கித் தருகிறோம். இந்தப் போராட்டத்தில் ஆசிரியரும் பெற்றோரும் எதிரெதிரே நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

அரையாண்டுத் தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் நடக்கும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கும் அதில் இடம் உண்டு. அவர்களைப் பேச விடுங்கள். பள்ளிக்கு வருகிற நடமாடும் மருத்துவக் குழுவிடம் கண், பல்லோடு கற்றல் சிக்கலையும் பார்க்கச் சொல்லுங்கள், அது அவர்கள் பட்டியலில் இருக்கிறது. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, குழந்தைகளுக்கு 1098. இந்த இரண்டு எண்களையும் அறிவிப்புப் பலகையில் பெரிதாக எழுதிப்போடுங்கள்.

ஒரு பக்கக் குறிப்பின் மாதிரி ஒன்றை என் மகளும் நானும் சேர்ந்து தமிழில் எழுதி வைத்திருக்கிறோம். எந்தப் பள்ளி கேட்டாலும் கொண்டுவந்து தருகிறேன். எழுதத் தெரியாத பெற்றோர் இருந்தால் அவர்களோடு உட்கார்ந்து எழுதியும் கொடுக்கிறேன்.

அன்புடன்,
எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்,
சேத்தியாத்தோப்பு